கண்டியிற் சிறையிருந்த மேஜர் டேவி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிற் கண்டி இராச்சியத்தின் எல்லையைக் கடந்து, கொழும்பிலிருந்த ஆங்கில அரசாங்கத்தின் கைக்கு இடையிடையே சில கடிதத் துண்டுகள் வந்து சேர்ந்தன. சிறு தாள்களிற் பென்சிலால் எழுதப்பட்டவை அவை. எழுதியவர் ஆடம் டேவி என்னும் பிரித்தானியப் படை மேஜர். தாம் இன்னும் உயிரோடிருப்பதையும் தம் உடல் நலிந்து வருவதையும் கூறி, மருந்தும் அபினும் அனுப்புமாறு அவற்றில் அவர் மன்றாடினார். 1803ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கண்டியிற் சரணடைந்த ஆங்கிலப் படைக்குத் தலைமை தாங்கியவர் இவரே. அன்று இவரோடிருந்த ஐரோப்பியருள் மிகச் சிலரே உயிர்தப்பினர். இவர் மாத்திரம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கண்டியரின் கைதியாக வாழ்ந்து, மீட்கப்படாமலே மாண்டார்.

இலங்கை வரலாற்று நூல்களில் டேவியின் கதை பெரும்பாலும் ஒரு பந்தியோடு முடிந்துவிடுகின்றது. துணிவற்ற தளபதி ஒருவர் கோட்டையை ஒப்படைத்தார். தம்மை நம்பி வந்த இளவரசனைக் கைவிட்டார். படையைப் பறிகொடுத்தார் என்பதே அப்பந்தியின் சாரம். அதன் பின்னர் அவருக்கு என்ன நேர்ந்தது என்பது அடிக்குறிப்புக்குரிய செய்தியாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும் அவ்வொன்பது ஆண்டுகளையும் சேர்த்து நோக்கும்போது, 1803ஆம் ஆண்டின் அழிவுக்கு யார் பொறுப்பு என்னும் வினாவுக்கு வழக்கமாகக் கூறப்படும் விடை போதாதென்பது தெளிவாகின்றது.

1796இல் ஒல்லாந்தரிடமிருந்த கரையோரப் பகுதிகள் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் வசமாயின. 1802இல் அவை பிரித்தானிய முடிக்குரிய குடியேற்ற நாடாயின. நாற்புறமும் அந்நியரின் கரையோரத்தாற் சூழப்பட்டு, துறைமுகமொன்றேனும் இல்லாதிருந்த கண்டி இராச்சியத்திற்கு ஆண்டவன் மாறியதாலே நிலை மாறவில்லை. 1798இல் இராஜாதிராஜசிங்கன் மகப்பேறின்றி இறந்தபோது, முதலாம் அதிகாராக விளங்கிய பிலிமத்தலாவை கண்ணுச்சாமி என்னும் இளைஞனை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்னும் பெயரில் அரியணையேற்றினார். மறைந்த அரசனின் மைத்துனனான முத்துச்சாமி ஆங்கிலேயரின் பாதுகாப்பை நாடினான். தாம் ஏற்றிய அரசனையே இறக்கித் தாம் ஆளவேண்டுமென்னும் எண்ணம் பிலிமத்தலாவைக்கு விரைவில் உண்டாயிற்று. அதனை அறிந்துகொண்டே முதலாம் ஆங்கிலத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் அவரோடு 1799 முதல் மறைவான பேச்சுக்களில் ஈடுபட்டார். ஓர் அரசனோடு நட்புறவு பேணுவதாகக் கூறிக்கொண்டே அவனது அமைச்சரோடு அவனது முடியைப் பற்றிப் பேரம் பேசிய இச்செயல் கண்டியிற் பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் தோற்றுவாயாக அமைந்தது எனலாம். வஞ்சகம் என்னும் சொல்லை ஆங்கில ஆசிரியர்கள் கண்டியர்மீது தாராளமாகப் பயன்படுத்தியுள்ளமையால் இதனை இங்கே எடுத்துக் கூறவேண்டியுள்ளது.

1802இல் ஆங்கில ஆட்சிக்குட்பட்ட முஸ்லிம் வணிகர் சிலரின் பாக்கு கண்டிப் பகுதியிற் பறிமுதல் செய்யப்பட்டது. அதற்கு நட்டஈடு கிடைக்கவில்லை என்பது போருக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. 1803 சனவரி இறுதியில் ஜெனரல் மக்டவல் கொழும்பிலிருந்தும், பெப்ரவரித் தொடக்கத்தில் கேணல் பார்பட் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டனர். ஏறத்தாழ மூவாயிரம் பேர் கொண்ட இருபடைகளும் பெப்ரவரியிற் கண்டியை அடைந்தபோது நகரில் ஒருவரும் இருக்கவில்லை. அரண்மனையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. அரசன் ஹங்குராங்கெத்தைக்குச் சென்றுவிட்டான். நகரைப் பகைவனுக்கு விட்டுக்கொடுத்து, காட்டையும் மழையையும் நோயையும் தனக்காகப் போரிடவிடுவது போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே கண்டியர் கையாண்டு வந்த முறை. அதனை அறியாதவராக ஆங்கிலேயர் முத்துச்சாமியை மார்ச்சு மாதத்தில் அரசனாக முடிசூட்டினர். அவ்வரசனுக்கோ குடிகள் இல்லை. அயலிலிருந்த ஊரவர் ஒருவரும் அவனிடம் வரவில்லை.

ஏப்ரில் தொடக்கத்தில் மக்டவல் கொழும்புக்குத் திரும்பியபோது ஏறத்தாழ ஆயிரம் பேர் கண்டியில் விடப்பட்டனர். காய்ச்சல் படையை வாட்டத் தொடங்கியது. மலேரியாவைப் பரப்புவது நுளம்பு என்பது அந்நூற்றாண்டின் இறுதியிலேயே அறியப்பட்டது. அக்காலத்தவர் காட்டின் நச்சுக்காற்றே காரணமென நம்பினர். 51ஆம் படையணி ஏறத்தாழ முற்றாக அழிந்தது என்று கூறுமளவுக்கு மரணங்கள் நிகழ்ந்தன. மே மாதத்தில் நோர்த் தம்பதெனியாவுக்குச் சென்று பிலிமத்தலாவையைச் சந்தித்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். அதன்படி பிலிமத்தலாவை கண்டியை ஆள்வார். இரு மாதங்களுக்கு முன்னர் ஆங்கிலேயர் தாமே முடிசூட்டிய முத்துச்சாமி யாழ்ப்பாணத்திற்குச் சென்று படிப்பணம் பெற்று வாழவேண்டும். முத்துச்சாமியைக் கைவிட்டவர் டேவி என்போர் இந்த மே மாத ஏற்பாட்டை மறந்துவிடுகின்றனர். அச்சந்திப்பின்போது நோயுற்ற பார்பட் அம்மாதமே இறந்தார். கண்டிக்கு மீண்டும் வந்த மக்டவலும் நோயுற்று யூன் 11ஆந் திகதி அங்கிருந்து நீங்கினார். எஞ்சிய படையின் பொறுப்பு மலாய்ப் படையணியைச் சேர்ந்த மேஜர் டேவியிடம் வந்தது. அவர் அதனை விரும்பி ஏற்றவரல்லர் என்று கூறப்படுகின்றது. விரும்பியேற்கக்கூடிய பொறுப்பாகவும் அது இருக்கவில்லை.

அவ்வேளையில் அவரிடமிருந்தவை எவை? நடமாடக்கூடிய ஐரோப்பியப் படைவீரர் ஏறத்தாழ இருபதுபேரே. 19ஆம் படையணியைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையிற் படுத்திருந்தனர். மலாயர் ஏறத்தாழ 250 பேரும், பீரங்கிகளோடு பணிபுரிந்த லஸ்காரின்கள் ஏறத்தாழ 140 பேரும் இருந்தனர். மலாயரிடையே சம்பள பாக்கியும் பசியும் மனக்கசப்பை வளர்த்தன. நாள்தோறும் சிலர் மறுபக்கம் சென்றனர். மறுபக்கத்திலும் மலாயர் இருந்தனர் என்பது நோக்கத்தக்கது. டேவியின் கீழ் மலாயருக்குத் தலைமைதாங்கிய கப்டன் நூர்தீனின் உடன்பிறந்தானாகிய சங்குங்லோ கண்டி அரசனின் மலாய்ப்படைத் தலைவனாக விளங்கினான்.

யூன் 24ஆந் திகதி அதிகாலையிற் கண்டியர் அரண்மனையைத் தாக்கினர். சங்குங்லோ அத்தாக்குதலில் மாண்டான். ஆங்கில அதிகாரி ஒருவரும் உயிரிழந்தார். பிற்பகலில் டேவி வெள்ளைக்கொடி ஏற்றினார். படைக்கலங்களோடு திருகோணமலைக்குச் செல்ல அனுமதி, முத்துச்சாமியையும் உடனழைத்துச் செல்லும் உரிமை, நடக்கமுடியாத நோயாளரைக் கண்டியர் பராமரித்துப் பின்னர் அனுப்புதல் என்னும் நிபந்தனைகள் ஓலையில் எழுதப்பட்டன. அன்று மாலை மழையினூடே படை புறப்பட்டது. இரண்டு மூன்று மைல் தொலைவிலுள்ள வட்டாபுளுவையில் மகாவலி கங்கை பெருக்கெடுத்து ஓடியது. கடக்க ஓடங்கள் இல்லை.

மறுநாள் முழுவதும் ஆற்றங்கரையிற் கழிந்தது. தெப்பங்கட்டும் முயற்சி வெற்றிபெறவில்லை. ஆற்றின் குறுக்கே கட்டமுயன்ற கயிறும் வெட்டப்பட்டது. முத்துச்சாமியை ஒப்படைத்தால் ஓடங்கள் தருவதாக அரசனின் தூதர் கூறினர். டேவி முதலில் மறுத்தார்; பின்னர் இணங்கினார். முத்துச்சாமி அரசன்முன் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். ஓடங்கள் வரவில்லை. 26ஆந் திகதி காலை, படைக்கலங்களைக் கீழே வைத்துவிட்டுக் கண்டிக்குத் திரும்புமாறு அடுத்த கட்டளை வந்தது. அதற்கும் இணங்கப்பட்டது. ஐரோப்பியர் மலாயரிடமிருந்து பிரிக்கப்பட்டு, இருவர் இருவராக அழைத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். நகரில் விடப்பட்டிருந்த நோயாளரும் அவ்வாறே கொல்லப்பட்டனர்.

இங்கே டேவியின் தவறு எது என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். யூன் 24ஆந் திகதியின் சரணடைவைத் தவறெனக் கூறுதல் எளிதன்று. நோயாளரை விட்டுப் போரிடவும் இயலாது, அவர்களைச் சுமந்து செல்லவும் இயலாது. ஆனால் முத்துச்சாமியை ஒப்படைத்த கணத்திலேயே ஓலையில் எழுதப்பட்ட உடன்படிக்கை முறிந்துவிட்டது. அதன்பின்னர் படைக்கலங்களைக் கீழே வைத்தமைக்கு நியாயம் காண்பது அரிது. முறிந்துபோன சொல்லை இன்னும் உள்ள சொல்லாக அவர் நம்பினார். அதே கிழமையில் தம்பதெனியாவிற் சிறு படையோடு முற்றுகையிடப்பட்ட என்சைன் கிராண்ட் என்பவர் சரணடைய மறுத்து, உதவிப்படை வரும்வரை ஏறத்தாழப் பத்து நாட்கள் தாக்குப்பிடித்தார். இவ்வொப்பீட்டை ஆங்கில ஆசிரியர்கள் விரும்பிக் கையாள்வர். ஆனால் தம்பதெனியா கொழும்புக்கு அண்மையிலுள்ளது என்பதையும், கண்டிக்கு அனுப்ப உதவிப்படையே இருக்கவில்லை என்பதையும் அதனோடு சேர்த்துக் கூறுவோர் குறைவு. மாத்தளைப் பக்கத்திலிருந்த மக்டவல் கோட்டையின் தலைவரான கப்டன் மாட்ஜ், செய்தியறிந்த இரவே நடக்கமுடியாத நோயாளரை விட்டுவிட்டுத் திருகோணமலைக்குப் பின்வாங்கினார். அந்நோயாளரும் கொல்லப்பட்டனர். ஆயினும் மாட்ஜின் பெயருக்கு இழுக்கு எதுவும் ஒட்டவில்லை. திருகோணமலையை அடைந்தவர் அவர். தம்பக்கக் கதையைச் சொல்லவும் அவரால் முடிந்தது.

வட்டாபுளுவையிலிருந்து தப்பிக் கதை சொன்னவர் கோப்பரல் ஜோர்ஜ் பார்ன்ஸ்லி. கழுத்தில் வெட்டுண்டு இறந்தவர்போற் கிடந்த அவர், இருளில் ஆற்றை நீந்திக் கடந்து, தலையைக் கையால் தாங்கியவாறே மக்டவல் கோட்டையைச் சென்றடைந்தார். மாட்ஜ் செய்தியறிந்தது அவரிடமிருந்தே. கொலையைப் பற்றி நாம் அறிந்திருப்பவற்றுட் பெரும்பகுதி அவரது வாக்குமூலத்திலிருந்து பெறப்பட்டது. கண்ணாற் கண்டவற்றுக்கு அவர் தக்க சான்று. ஆனால் அதிகாரிகளிடையே நடந்த பேச்சுக்களுக்கு ஒரு கோப்பரல் சான்றாகமாட்டார். கப்டன் ஹம்பிரீஸ், உதவி மருத்துவர் கிரீவிங் ஆகிய இருவரும் பிணங்களிடையே மறைந்திருந்து பின்னர் பிடிபட்டனர். கிரீவிங் 1804 செப்டெம்பரில் தப்பிச் சென்று தமது கூற்றைப் பதிவு செய்தார். பேச்சுவார்த்தைகளை முழுமையாக அறிந்திருந்தவர் டேவி. அவர் கண்டியிற் சிறையிருந்தார். 1807இற் கோர்டினர் பாதிரியாரின் நூல் வெளிவந்து, இப்போரின் வரலாறு ஆங்கில வாசகரிடையே நிலைபெற்றபோதும் அவர் சிறையிலேயே இருந்தார்.

மலாயருக்கு அரசசேவையில் சேரும் வாய்ப்பு அளிக்கப்பட்டது, பலர் சேர்ந்தனர். நூர்தீனும் அவரது உடன்பிறந்தார் ஒருவரும் தாம் ஆங்கில மன்னருக்குச் செய்த சத்தியத்தை மீறமுடியாதெனக் கூறி மறுத்து, கொலையுண்டனர். ஐரோப்பியரின் துயரை எழுதுவோர் இவ்விருவரையும் ஒரு வரியிற் கடந்து செல்வர்.

டேவியும், மலாய்ப் படையணியின் மற்றோர் அதிகாரியான கப்டன் ரம்லியும் கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்படாமல் விலக்கப்பட்டு, ஹங்குராங்கெத்தையில் அரசன் முன் நிறுத்தப்பட்டனர். ஏன் இவர்கள் விலக்கப்பட்டனர்? இரக்கம் என்று கூறுவதற்கு முன்னர், கைதிகளைப் பற்றிய கண்டி அரசவையின் பழைய வழக்கத்தை நினைவிற் கொள்ளவேண்டும். 1660இல் மூதூரில் பிடிக்கப்பட்டு 1679இல் தப்பியோடிய ரொபேட் நொக்ஸ் இவ்வழக்கத்தை விரிவாக எழுதியுள்ளார். இரண்டாம் இராஜசிங்கன் ஐரோப்பியரைச் சிறைக்கூடங்களில் அடைக்கவில்லை; ஊர்களிற் பகிர்ந்து வைத்தான்; ஊரவர் உணவளிக்க வேண்டும். காடும் மலையும் கடவைகளில் நின்ற காவலுமே சிறைச்சுவர். கைதியை வைத்திருப்பது அரசனுக்குப் பெருமை. ஐரோப்பிய வல்லரசுகளோடு பேசும்போது கையிலுள்ள பொருளும் ஆகும். நொக்ஸின் காலத்துக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அவ்வெண்ணம் மாறவில்லை. சிறு அதிகாரிகளும் படைவீரரும் விலையற்றவராகக் கருதப்பட்டனர். படைத்தலைவருக்கு விலையுண்டு என எதிர்பார்க்கப்பட்டது.

ரம்லியும் ஹம்பிரீசும் சிறையிருப்பிலே நோயுற்று மாண்டனர். டேவி தனியே எஞ்சினார். ஹங்குராங்கெத்தை, தும்பறை, கண்டி என அவர் இடம் மாற்றப்பட்டு வந்தார். தொடக்கத்தில் அணிந்திருந்த சீருடை கிழிந்தொழிய, கண்டியரின் உடையே அவருடையதாயிற்று. தாடி நீண்டு வளர்ந்தது. உணவும் அந்நாட்டு உணவே. அரசன் அவரை வதைக்கவில்லை என்பதில் பிற்காலச் சான்றுகள் பெரிதும் உடன்படுகின்றன. நோயுற்ற காலங்களிற் கண்டி வைத்தியரின் கவனிப்பும் அவருக்குக் கிடைத்தது. ஆயினும் அவரது நோய் முற்றாகத் தீரவில்லை. பென்சிற் கடிதங்களில் அவர் அபின் கேட்டது நோவைத் தணிப்பதற்கு மட்டுந்தானா அல்லது துன்பத்தையே முடித்துக்கொள்வதற்கா என்று படிப்போர் ஐயுறுமளவுக்கு அவற்றின் தொனி அமைந்துள்ளது.

கடிதங்கள் எவ்வாறு வெளிவந்தன என்பதும் கவனிக்கத்தக்கது. போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்திலும் கண்டிக்கும் கரையோரத்துக்குமிடையே மக்கள் போக்குவரத்து அற்றுப்போகவில்லை. உப்பும் கருவாடும் துணியும் மேலே சென்றன. பாக்கு கீழே வந்தது. வணிகரும் பிக்குகளும் ஒற்றரும் கடவைகளைக் கடந்தனர். அவர்களிற் சிலர் தம் உயிரைப் பணயம் வைத்து இத்தாள்களைக் கொண்டு வந்தனர். பிடிபட்டிருந்தால் மரணமே தண்டனை. இவர்களின் பெயர்கள் கதையில் இடம்பெறுவதில்லை.

கொழும்பு என்ன செய்தது? 1803இல் ஐரோப்பாவில் நெப்போலியனோடு போர் மீண்டும் மூண்டிருந்தது. இலங்கைக்கு அனுப்பப் படை இருக்கவில்லை. 1804இல் நோர்த் பல திசைகளிலிருந்து கண்டிமீது படைகளை அனுப்பத் திட்டமிட்டு, பின்னர் அதனைக் கைவிட்டார். அக்கட்டளையைப் பிழையாக விளங்கிக்கொண்ட கப்டன் ஜோன்ஸ்டன் மட்டும் மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ முந்நூறு பேரோடு புறப்பட்டு, ஒக்டோபரிற் கண்டியை அடைந்தார். வேறு படைகள் வராமையால் அங்கே தங்கமுடியாது, கண்டியரின் வேட்டுக்களுக்கிடையே திருகோணமலைக்குப் பின்வாங்கினார். வழியில் வட்டாபுளுவையில் அவரது படையினர் கண்டவை முந்திய ஆண்டில் மடிந்தோரின் எலும்புகள். டேவியை ஜோன்ஸ்டன் தேடி வரவில்லை. தேடியிருந்தாலும் அதற்குள் அவர் வேறிடத்துக்கு அகற்றப்பட்டிருப்பார். ஆங்கிலப் படையொன்று டேவிக்கு மிக அண்மையில் வந்தது அந்த ஒருமுறைதான்.

1805இல் நோர்த் சென்று தோமஸ் மெயிற்லண்ட் தேசாதிபதியாக வந்தார். செலவையும் படைபலத்தையும் கணக்கிட்டு நடக்கும் இயல்பினரான அவர், தமக்கு முன்னிருந்தவரின் போரை அறிவற்ற செயலென்றே கருதினார். போரை நிறுத்தினார், ஆனால் சமாதானமும் செய்யவில்லை. எழுதப்படாத ஒரு போர்நிறுத்தம் அவரது பதவிக்காலம் முழுவதும் நீடித்தது. நாட்டு மக்களுக்கு அது நன்மையாகவே அமைந்தது. டேவிக்கு அதனால் நன்மை விளையவில்லை. உடன்படிக்கை எழுதப்பட்டால் கைதிகளை விடுவிக்கும் உறுப்புரை அதில் இடம்பெறும். உடன்படிக்கையே இல்லையெனில் கைதிக்கு வழியில்லை. டேவியை விடுவிக்கக் கண்டியர் ஆயத்தமாயிருந்த வேளைகள் உண்டு. அவர்கள் வேண்டியது பணம் மட்டுமன்று. தூதுக்குழு ஒன்று வரவேண்டும். கண்டி அரசனின் நிலையை ஆங்கிலேயர் ஏற்கவேண்டும். இதன் பொருள், 1803ஆம் ஆண்டின் தோல்வியை ஒப்புக்கொள்வதாகும். மெயிற்லண்ட் பணம் கொடுக்க இணங்கினார்; மறைவாக ஆட்களை அமர்த்தவும் இணங்கினார்; ஏற்புடைமை கொடுக்க இணங்கவில்லை. ஒருவரின் விடுதலைக்காக முழு அரசியல் நிலைப்பாட்டையும் விட்டுக்கொடுக்க ஓர் ஆளுநரால் இயலுமா என்று கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் அந்த ஒருவரை அங்கே அனுப்பியது அதே அரசாங்கம்.

தப்புவிக்கும் முயற்சிகளும் நடந்தன. பணம் கைமாறியது, ஆட்கள் ஆயத்தமாயினர். ஆனால் மலைக்காட்டுப் பாதையில் இரவோடிரவாக நடக்கும் வலு டேவியிடம் இருக்கவில்லை. அவரைச் சுமந்தே செல்லவேண்டும் என்னும் நிலை. நோயாளி ஒருவரைச் சுமந்துகொண்டு காவற்கடவைகளைக் கடக்க இயலாமையால் அம்முயற்சிகள் கைகூடாமற் போயின. நொக்ஸ் தப்பியோடியபோது கண்டி நாட்டின் காட்டு வழிகளைப் பல ஆண்டுகள் வணிகம் செய்து அறிந்திருந்தார். உடல்வலிமையும் துணைவர் ஒருவரும் அவருக்கிருந்தனர். டேவிக்கு இம்மூன்றும் இல்லை.

சிங்களமொழியில் வல்லவரான ஜோன் டொயிலி அக்காலத்திற் கண்டிச் செய்திகளைத் திரட்டும் பொறுப்பை ஏற்றிருந்தார். 1810 தொடக்கம் அவர் எழுதிய நாட்குறிப்பு 1917இல் அச்சேறியது. மலைநாட்டிலிருந்து வந்தவர் கூறிய செய்திகள் நாள்தோறும் அதிற் பதியப்பட்டுள்ளன. எந்தப் பிரதானி அரசனின் சினத்துக்கு ஆளானார், எந்தக் கடவையிற் காவல் கூட்டப்பட்டது, நெல் என்ன விலை என்பவற்றோடு, சிறையிலுள்ள மேஜரைப் பற்றிய செய்திகளும் அங்கே வருகின்றன. கொழும்புக்கு அவர் எழுத எழுதக் கிடைத்த விடை சிறிதளவு பணமும் பொருளும், பொறுத்திருக்குமாறு கூறும் ஆறுதலுமே. 1811இற் பிலிமத்தலாவை அரசனுக்கெதிரான சூழ்ச்சிக்காகக் கொல்லப்பட்டார். 1803இல் டேவியோடு பேசிய பிரதானிகளுள் முதன்மையானவர் இவ்வாறு அவருக்கு முன்னரே மறைந்தார். 1812ஆம் ஆண்டளவில் டேவியும் நோயால் மாண்டார்.

கைதியின் விலை காலத்தோடு குறைந்துகொண்டே போகும் என்பதை அவரது ஒன்பதாண்டுகள் காட்டுகின்றன. 1803இல் அவர் தோற்கடிக்கப்பட்ட பேரரசின் அடையாளம். ‘இங்கிரீசி ஹட்டன’ என்னும் சிங்களப் போர்க்காவியம் பாடிய வெற்றியின் உயிருள்ள சான்று. 1806இல் அவர் பேரப்பொருள். 1810இல் இருதரப்பாருக்கும் அவர் ஒரு பழைய கணக்கு. கண்டியருக்கு அவரைக் கொல்வதால் நயமில்லை, விடுவதாலும் நயமில்லை. கொழும்புக்கு அவர் திரும்பிவருதல் முழுமையாக வேண்டியதாக இருந்ததா என்பதும் கேட்கத்தக்கதே. திரும்பிவந்தால் விசாரணை நடக்கும். விசாரணையில் டேவி மட்டுமன்றி, தம்பதெனியா ஏற்பாடும், நோயாளர் நிறைந்த கோட்டையை உணவும் உதவியுமின்றி விட்டுச்சென்ற முடிவும் பேசப்பட்டிருக்கும்.

குற்றத்தை யார்மீது சுமத்துவது என்பதும் அரசியலுக்கேற்ப மாறியது. நோர்த்தின் காலத்தில் வஞ்சகராகக் காட்டப்பட்டவர் பிலிமத்தலாவை. 1815இற் கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரின் துணைவராயினர். அதற்குள் எல்லாக் கொடுமைகளுக்கும் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனே பொறுப்பாளியாகிவிட்டான். கண்டி வீழ்ந்தபின் ஆங்கிலேயர் திரட்டிய வாய்மொழிகளில், படைக்கலம் துறந்தவரைக் கொல்வது தகாது என்று பிரதானி ஒருவர் தயங்கினார் என்னும் செய்தியும் உண்டு. அரசனின் கட்டளை என்பதனால் அத்தயக்கம் நிலைக்கவில்லை. இச்செய்தி உண்மையாயின், கண்டியரிடையேயும் அன்று ஒரு விவாதம் நிகழ்ந்தது என்று கொள்ளவேண்டும். ஆனால் தம்மைக் காத்துக்கொள்ள விரும்பிய பிரதானிகளிடமிருந்து, 1815க்குப் பின்னர் பெறப்பட்ட செய்தி அது என்பதை மறத்தல் ஆகாது. பிற்கால ஆய்வாளர் போல் பீரிசும் கொல்வின் ஆர். டி சில்வாவும் நோர்த்தின் சூழ்ச்சிகளை வெளிப்படுத்திய பின்னரே பொறுப்பின் பாரம் சரியான இடத்துக்கு நகரத் தொடங்கிற்று.

1815 பெப்ரவரியில் ஆங்கிலப் படைகள் பெரும் எதிர்ப்பின்றிக் கண்டிக்குள் நுழைந்தன. 1803ஆம் ஆண்டின் ஐரோப்பியருள் ஒருவர் அங்கே உயிரோடிருந்தார். தேயோன் என்று பெயர் குறிக்கப்படும் அவர், மருத்துவமனையில் நோயாளராய்க் கிடந்தவர். கொலைநாளில் அவரைத் தூக்கிலிட்டபோது கயிறு அறுந்தது. மீண்டும் இட்டபோதும் அறுந்தது. உயிர்தப்பியவரை ஊரவர் விட்டுவிட்டனர். முஸ்லிம் பெண்ணொருவரை மணந்து கண்டியிலே குடும்பம் நடத்தினார். விலையுள்ள கைதி சிறையில் மாள, விலையற்ற கைதி தெருவில் வாழ்ந்தார். டேவியைப் பற்றிய செய்திகளைப் பின்னர் கேட்டெழுதியோருள் ஹென்றி மார்ஷல், ஜோன் டேவி என்னும் மருத்துவர் இருவர் முக்கியமானவர். இரண்டாமவரின் பெயர் ஒலிப்பில் மேஜரின் பெயரை ஒத்திருப்பது மாணவர் சிலரைக் குழப்புவதுண்டு, இருவருக்கும் உறவில்லை.

மேஜர் டேவிக்குக் கண்டியிற் கல்லறை இல்லை. வட்டாபுளுவையில் கொலை நிகழ்ந்த இடத்தின் மரம் அவரது பெயரால் ‘டேவியின் மரம்’ என வழங்கலாயிற்று. அங்கு ஒரு நினைவுச்சின்னமும் உண்டு. அவர் இறந்த இடமன்று அது. அவரைச் சிறைவைத்த அரசன் 1815 பெப்ரவரி 18ஆந் திகதி தும்பறைப் பகுதியிற் பிடிக்கப்பட்டு, குடும்பத்தோடு கொழும்புக்கும், மறு ஆண்டு கடல்கடந்து வேலூர்க் கோட்டைக்கும் கொண்டுசெல்லப்பட்டான். ஆங்கிலேயரின் கைதியாக அங்கே பதினாறு ஆண்டுகள் இருந்து, 1832 சனவரி 30ஆந் திகதி இறந்தான். அவனுக்கு அங்கே பாலாற்றங்கரையிற் சமாதி உண்டு.